நாலாம் நம்பர் வண்டியின் கருத்து

சுங்குவார்சத்திரம் நிறுத்தத்தில் டீக்கடையை ஒட்டி இருக்கும் பெட்டிக்கடை உனக்கு நினைவிருக்கும். பாக்குப் பொட்டலச் சரங்களுக்கு நடுவே இரண்டு மூன்று புத்தகங்களையும் கயிற்றில் தொங்கவிட்டிருப்பார்கள். இன்று காலை கம்பெனி வேனுக்காக நின்றுகொண்டிருந்தேன். ஒரு கன்டெய்னர் லாரி போன வேகத்தில் அதில் ஒரு புத்தகம் என் பக்கம் திரும்பியது. கறுப்பு அட்டையில் ஒரு மரக்கதவு. கதவில் ஒரு தாழ்ப்பாள். தாழ்ப்பாளிலிருந்து சிவப்பாக ஒழுகுகிறது. கீழே, நகம் வளர்ந்த ஒரு கை. ‘ரத்தத் தாழ்ப்பாள்.’ நீ போனில் படித்து நாங்கள் கேட்ட கதை அச்சில் வந்துவிட்டது.

வாங்கினேன். பிரித்தபோது மலிவுத் தாளும் பசையும் கலந்த அந்த வாசனை முகத்தில் அடித்தது. பின்னட்டையில் ‘வாசகர்கள் சொல்கிறார்கள்’ என்று போட்டு, கதை தொடராக வந்த செயலியின் கருத்துகளில் சிலவற்றைப் பொறுக்கி அச்சடித்திருக்கிறார்கள். ‘மூன்று நாள் தூங்கவில்லை.’ ‘எட்டாம் அத்தியாயம் படித்துவிட்டு விளக்கை அணைக்கவே பயம்.’ அதற்கு அடுத்தது இது: ‘ஒரே அறையில் ஐந்து பேர்… பேய் எதற்கு? – நாலாம் நம்பர் வண்டி.’

அது நீ எழுதியது. நடுவில் இருந்த வரிகளை எடுத்துவிட்டார்கள். இப்போது படிக்கிறவர்களுக்கு அது ஏதோ பாராட்டுப் போலத் தெரியும்.

வேன் வந்தது. ஏறி உட்கார்ந்து புத்தகத்தைப் பைக்குள் வைத்தேன். இதை யாரிடம் சொல்வது என்று யோசித்தால் உன்னைத் தவிர யாரும் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பதில் வராது என்று தெரிந்தவருக்கு எழுதும்போது கூச்சம் கொஞ்சம் குறைகிறது.

நாம் சேர்ந்து வேலை பார்த்த கம்பெனியில் நான் சேர்ந்தபோது எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். ஊரில் அதைச் சொல்லிச் சொல்லி என் அப்பாவுக்கு வாய் ஓயவில்லை. எனக்கோ கல்லூரியில் ஒரு தடவைகூட எழுந்து நின்று கேள்வி கேட்காமல் வாங்கிய பட்டம் அது. வண்டியில் முதல் நாள் நீ என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டாய். பி.எஸ்சி. இயற்பியல் என்றேன். நீ பின்னால் திரும்பி மொத்த வண்டிக்கும் கேட்கிற மாதிரி, “ஏய், நம்ம வண்டில ஒரு டிகிரி ஏறிகீது” என்றாய். அதோடு என் பெயர் போயிற்று. டிரைவர் அண்ணன் உட்பட எல்லாருக்கும் நான் டிகிரி.

உன் பெயரை நான் இதில் எழுதப்போவதில்லை. எழுதினால் அது காகிதத்தில் மட்டும் இருக்கும் பெயராகிவிடும் என்று ஒரு பயம்.

காலையில் போகும்போது நாலாம் நம்பர் வண்டியில் யாருக்கும் கண் திறக்காது. விடுதியிலிருந்து கம்பெனி வரைக்கும் தலைகள் ஜன்னலில் மோதிக்கொண்டே போகும். ஷிப்ட் முடிந்து, வாசலில் ஒப்படைத்த போனை எல்லாரும் திரும்ப வாங்கிக்கொண்டு ஏறிய பிறகுதான் வண்டிக்கு உயிர் வரும். அப்போதுதான் நீ படிப்பாய். எல்லார் போனிலும் அந்தச் செயலி இருக்கத் தேவையில்லை, ஒருத்தி படித்தால் போதும் என்பது உன் ஏற்பாடு. வாரத்துக்கு ஒரு அத்தியாயம். எழுதியவர் பெயருக்கு முன்னால் ஒரு மண்டையோட்டுப் படம் இருக்கும். ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாது.

நீ டிரைவர் அண்ணனின் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எங்களைப் பார்த்தபடி நின்று படிப்பாய். வார்டனுக்கு ஒரு குரல், வாட்ச்மேனுக்கு ஒரு குரல். பேய்க்கு மூக்கால். தொழிற்சாலைக்குப் பக்கத்தில் பொட்டல் காட்டில் ஒரு பெண்கள் விடுதி. எந்த அறைத் தாழ்ப்பாளில் ரத்தம் கசிகிறதோ, அந்த அறையில் அடுத்த சாவு. டிரைவர் அண்ணன் ரேடியோவை அணைத்துவிட்டு, ரத்தம் கசிகிற இடத்தில் வண்டியை மெதுவாக்குவார்.

“அந்த வார்டன் பொம்பளதான் பேயி, பாப்பா. நான் மொத வாரமே சொல்லிட்டேன்.”

“அண்ணே, நீ ரோட்டப் பாரு. இல்லாங்காட்டி நாமளே பேயாயிடுவோம்” என்பாள் பவானி. பவானி நம் அறைக்காரி. அவள் வாய்க்கு வண்டியில் எதிர்வாய் உன்னுடையது மட்டும்தான்.

தென்காசிப் பக்கத்து இசக்கி கடைசி சீட்டிலிருந்து கத்துவாள்: “ஏட்டி, எங்க ஊர்ப் பேய்க்கெல்லாம் இம்புட்டு நகம் கெடையாது. இது என்ன பேயா, நகச்சாயக் கடையா?”

படித்து முடித்ததும் கருத்து. அது ஒரு சடங்கு. செயலியில் ‘நாலாம் நம்பர் வண்டி’ என்ற ஒரே கணக்கு. மொத்த வண்டிக்கும் சேர்த்து ஒரே கருத்து. அதை நீதான் தட்டச்சு செய்வாய். ஆனால் எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருத்தி, “நல்லால்ல” என்று சொன்னால் நீ விடமாட்டாய். நீ தர சோதனையில் இருந்தவள். சோதனை மேசையில் ஒரு மின்சுற்றுப் பலகையைத் தள்ளுபடி செய்தால் மட்டும் போதாது. குறை எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்தைக் காட்டிச் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அம்பு இல்லாத பலகை உன்னிடமே திரும்பி வந்துவிடும். அந்தப் பழக்கத்தை நீ கதைக்கும் கொண்டுவந்தாய்.

“நல்லால்லன்னா எங்க நல்லால்ல? அம்ப ஒட்டு.”

அப்படித்தான் நாலாம் அத்தியாயத்தில் இரும்பாக இருந்த கதவு ஆறாம் அத்தியாயத்தில் மரமாகிவிட்டதை நாம் கண்டுபிடித்தோம். செத்துப்போன சமையற்காரி திரும்ப வந்து இட்லி ஊற்றியதைக் கண்டுபிடித்தோம். அதற்கு எழுதியவரே வந்து, ‘நன்றி வண்டி, திருத்திவிட்டேன்’ என்று பதில் போட்டார். அன்று மொத்த வண்டியும் கைதட்டியது. என்னிடம் மட்டும் நீ கருத்தைக் கேட்கமாட்டாய். என் முகத்தைப் பார்ப்பாய். “டிகிரிக்குப் புடிக்கல. மூஞ்சப் பாரு, கூட்டுல உப்பு இல்லாத மாதிரி கீது” என்று நீயே அறிவிப்பாய். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

பிறகு எட்டாம் அத்தியாயம் வந்தது.

அதில் லாவண்யா என்று ஒரு பெண். ஐந்தாம் அத்தியாயத்திலிருந்தே அவளுக்கு வயிறு வலித்துக்கொண்டிருந்தது. எட்டாவதில் தாழ்ப்பாளில் ரத்தம் கசிகிறது, பேய் வருகிறது, அவளைக் கிழிக்கிறது. அதை ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். நீயே சில வரிகளைத் தாண்டிப் படித்தாய். கடைசியில் திருப்பம்: அவள் யாருடனோ பழகி வயிற்றில் வாங்கிக்கொண்டவளாம். அதனால்தான் பேய் அவளைத் தேர்ந்தெடுத்ததாம். கீழே கருத்துகள் கொட்டிக் கிடந்தன. நீ அவற்றையும் படித்தாய். ‘செம ட்விஸ்ட்.’ ‘நான் அப்பவே சந்தேகப்பட்டேன்.’ ‘வீட்டை ஏமாற்றுகிறவளுக்கு இதுதான் சரி.’ ‘சீக்கிரம் அடுத்தது போடுங்க.’ இந்தக் கருத்துகளைப் படிக்கும்போது மட்டும் நீ குரல் மாற்றவில்லை.

வண்டியிலும் பாதிப் பேர் அதே கட்சிதான். பவானி சொன்னாள்: “பின்ன இன்னா, மூணு அத்தியாயமா வயித்தப் புடிச்சிகினு திரியறாளே, எனக்கு அன்னிக்கே டவுட்டு.”

நீ யாரிடமும் ஓட்டுக் கேட்காமல் கருத்தைத் தட்டினாய். நாலாம் நம்பர் வண்டியின் பெயரில் ஓட்டு இல்லாமல் போன ஒரே கருத்து அதுதான். அனுப்பிவிட்டு உரக்கப் படித்தாய்: ‘லாவண்யாவுக்கு மூன்று அத்தியாயமாக வயிறு வலிக்கிறது. ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கிறார்கள். என்ன வலி என்று ஒருத்தி கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை. அவளைக் கொல்ல அதுவே போதும். அப்புறம் பேய் எதற்கு?’

“யாரு கேட்டா உன்ன?” என்றாள் பவானி. “பேய்க் கதைல ஆஸ்பத்திரிக்குப் போனா கதை எப்டி ஓடும்?”

“ஓடலன்னா நிக்கட்டும்” என்றாய்.

செயலியில் உனக்கு வந்த பதில்களும் அதே மாதிரிதான். ‘லாஜிக் பார்க்கிறவங்க பாடப்புத்தகம் படிங்க சிஸ்டர்.’ ‘உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம், சொந்த அனுபவமா?’ அந்தக் கடைசிப் பதிலை நீ எனக்கு மட்டும் காட்டினாய். சிரித்துக்கொண்டேதான் காட்டினாய்.

அதற்குப் பிறகு வண்டியில் ஒரு புதுப் பழக்கம் தொற்றிக்கொண்டது. யாராவது வயிற்றில் கை வைத்தால் போதும், “இன்னாடி, எட்டாவது அத்தியாயமா?” என்று ஒரு குரல் வரும். மாதவிலக்கு வலிக்கும் அதே கேள்வி, கேன்டீன் சாம்பார் ஒத்துக்கொள்ளாததற்கும் அதே கேள்வி. கேட்டவளும் சிரிப்பாள், கேட்கப்பட்டவளும் சிரிப்பாள். யாருக்கும் யார் மேலும் கோபம் இருந்ததில்லை. வண்டிக்குள் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாம் நல்ல பெண்கள். அதை நான் இன்றும் சொல்வேன். ஆனால் சில வாரங்களில் வயிற்றில் கை வைப்பதையே எல்லாரும் விட்டுவிட்டார்கள். அதை நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கவனித்தேன். இசக்கிகூட வலி வந்தால் பையை மடியில் வைத்து அதன்மேல் குனிந்துகொள்வாள்.

உனக்கு வலி வந்தது ஒரு திங்கட்கிழமை. தட்டில் சோறு அப்படியே இருந்தது. கேட்டதற்கு, “ஒண்ணியும் இல்ல, கேஸு” என்றாய். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டாய். மறுநாளும் அதையே சொன்னாய். முதலுதவி அறைக்குப் போகலாம் என்றேன். “போனா சாயங்காலம் வண்டில இன்னா ஆவும்னு தெரியும் இல்ல?” என்று கண்ணடித்தாய். நான் அதை உன் வழக்கமான கிண்டல் என்று எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை மாலை வண்டியில் ஏறும்போது படியில் உன் கால் நின்றது. ஒரு கையால் கம்பியைப் பிடித்து, கொஞ்சம் குனிந்து, ஒரு மூச்சு வாங்கிவிட்டு ஏறினாய்.

“இன்னாடி, எட்டாவது அத்தியாயமா?” என்றாள் பவானி. வண்டி சிரித்தது.

நீ எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாய். “ஆமாண்டி, அப்பன் நீதான்” என்றாய். மறுபடி சிரிப்பு. பிறகு நிமிர்ந்து நின்று அந்த வார அத்தியாயத்தை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை படித்தாய். வார்டன், வாட்ச்மேன், மூக்கால் பேசும் பேய், ஒரு குரலையும் விடவில்லை. உன் மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. வண்டிக்குள் புழுக்கம் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

மறுநாள் காலை உன் உடம்பு கொதித்தது. நீ எழுந்து உட்காரவே இல்லை. நானும் வார்டன் அம்மாவும் உன்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் கையை நசுக்கினாய். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா எல்லாரையும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டார்: “கல்யாணம் ஆச்சா? நாள் தள்ளிப் போயிருக்கா?” நீ இல்லை என்று தலையசைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாய்.

“பாத்தியா டிகிரி” என்றாய். “இங்கியும் எட்டாவது அத்தியாயந்தான்.”

நீ என்னிடம் முழுதாகப் பேசிய கடைசி வாக்கியம் அது. உன்னைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் இந்த இடத்தில் நான் நின்றுவிடுகிறேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கக் கூடாதா? ஆனால் வேறு ஏதாவது சொல்லியிருந்தால் அது நீயாகவும் இருந்திருக்காது.

குடல்வால் வெடித்து இரண்டு நாளாவது ஆகியிருக்கும், சீழ் வயிறு முழுக்கப் பரவிவிட்டது என்றார் டாக்டர். ஸ்கேன் எடுத்தார்கள், அறுவை செய்தார்கள், முடிந்ததைச் செய்தார்கள். உன் அம்மா வந்து சேர்ந்தபோது நீ பேசும் நிலையில் இல்லை. சனிக்கிழமை நீ போய்விட்டாய்.

ஒன்றை மட்டும் என்னால் இன்றுவரை செரித்துக்கொள்ள முடியவில்லை. என்ன வலி என்று ஒருத்தியும் கேட்கவில்லையே என்று ஒரு கற்பனைப் பெண்ணுக்காகச் சண்டை போட்டவள் நீ. உன் வலியைக் கேட்டபோது கேஸ் என்றாய். அந்தச் சிரிப்புக்கு நீயுமா பயந்தாய்? சிரிப்பவர்களில் முதல் ஆள் நீதானே என்று நினைத்திருந்தேன். இப்போது தோன்றுகிறது, முதலில் சிரிப்பவர்களுக்குத்தான் அதிகப் பயமோ என்னவோ.

அடுத்த வாரமே பேச்சு ஆரம்பித்துவிட்டது. விடுதியில், தண்ணீர்க் குழாய் அருகில், கேன்டீன் வரிசையில்.

“வெறும் வயித்து வலில யாராச்சும் சாவாங்களா?”

“அதான் யார்கிட்டயும் சொல்லாம மறைச்சிகினு இருந்திருக்கா.”

“அப்டியே எட்டாவது அத்தியாயம்டி. எனக்கு மயிர் கூச்செறிஞ்சிடுச்சு.”

அவர்களிடம் ஒரு கதை ஏற்கெனவே தயாராக இருந்தது. அதற்குள் உன்னைத் தூக்கி வைக்க அவர்கள் சிரமப்படவே இல்லை. நம் அறைத் தாழ்ப்பாளில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார்கள். உன் கட்டிலில் யாரும் படுக்க மறுத்தார்கள். வண்டியில் உன் இடத்தில், அந்தக் கம்பியருகில், யாரும் நிற்கவில்லை. டிரைவர் அண்ணன் ரேடியோவைப் போட்டுவிட்டார்.

உன் காரியத்துக்கு நாங்கள் நாலு பேர் போனோம். டிரைவர் அண்ணன் தன் மச்சானின் வேனை வாங்கிவந்தார். பவானி, இசக்கி, நான். வந்தவாசியைத் தாண்டி உன் ஊருக்குள் திரும்பினோம். உன் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். அடையாள அட்டைக்கு எடுத்த படம்தான், பெரிதாக்கியிருந்தார்கள். அதில் நீ சிரிக்கக்கூட இல்லை. யாரோ போல இருந்தாய்.

பந்தலில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் போனதும் பேச்சு நின்றது. அந்த அமைதி எனக்குத் தெரிந்த அமைதி. கேன்டீன் வரிசையில் நான் போய் நிற்கும்போதெல்லாம் அதே அமைதிதான் விழும்.

உன் அம்மா என் கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியருகே கூட்டிப்போனார்.

“நீதான கூட இருந்த? டிகிரின்னு சொல்லுவா, நீதான?”

“ஆமாம்மா.”

“எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லும்மா. யாரு அவன்?”

எனக்கு முதலில் புரியவில்லை. “யாரும்மா?” என்றேன்.

“அதான். எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. நம்ம ஊர்ப் பொண்ணுங்கோ ரெண்டு பேரு அங்கதான வேல செய்றாங்கோ. வந்து சொல்லிகீறாங்கோ. நான் கோவப்பட மாட்டேன், அவளே பூட்டா, இனிமே கோவப்பட்டு இன்னா. ஆனா சின்னது ஒண்ணு வூட்ல கீது. நாளைக்கு அதுக்கு ஒரு எடம் பாக்கணும். எவன்னு தெரிஞ்சா அவன நேரா போய்க் கேப்பேன்.”

உன் அம்மாவே நம்பிவிட்டார். அதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. நீ இறந்தது ஒரு சாவு. இந்தத் தொட்டியடியில் இன்னொரு தடவை உன்னைக் கொன்றுகொண்டிருந்தார்கள். கடைசியில் உன்னோடு இருந்தவள் என்று அங்கே நான் ஒருத்திதான் நின்றுகொண்டிருந்தேன். என் பட்டத்தில், பாடத்தில் எதிலும் இதற்கு ஒரு வாக்கியம் இல்லை. நான் உன் அம்மாவின் கையை எடுத்து என் வயிற்றின் மேல் வைத்தேன்.

“மொதல்ல இங்கம்மா. தொப்புள் கிட்ட. அடுத்த நாளு இங்க எறங்கிடுச்சு, வலது பக்கம், கீழ. டாக்டர் இங்க கைய வெச்சு அழுத்துனப்ப பொறுத்துகினா. கைய எடுத்தாரு பாருங்க, அப்பத்தான் துடிச்சா. குடல்வாலு இங்கதான் வெடிச்சிருந்திச்சு. ஸ்கேன்ல பாத்துட்டு அவங்களே சொன்னாங்க, வேற ஒண்ணும் இல்லன்னு. அவளுக்கு யாரும் இல்லம்மா. இருந்திருந்தா எனக்குச் சொல்லியிருப்பா.”

உன் அம்மா கையை எடுக்கவில்லை. என் வயிற்றில் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப இன்னாத்துக்கு மறைச்சா?”

“பயந்துட்டாம்மா.”

“எதுக்கு?”

“சிரிப்பாங்கன்னு.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வண்டி, கதை, லாவண்யா, எட்டாம் அத்தியாயம், அந்தக் கேள்வி. சொல்லச் சொல்ல எனக்கே அது நடக்க முடியாத விஷயம் போல இருந்தது. உன் அம்மா ஒவ்வொன்றையும் புரிந்துகொள்ளப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

“கதையா?” என்றார். “யாரோ எழுதுன கதைக்கா எம்பொண்ணு பயந்துகினு பூட்டா?”

எனக்குப் பின்னால் ஒரு சத்தம். பவானி தண்ணீர் குடிக்க வந்தவள், சொம்போடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது.

“நான்தாம்மா கேட்டேன்” என்றாள். “அன்னிக்கு அவ வண்டில ஏறச்சொல்ல, எட்டாவது அத்தியாயமான்னு, நான்தான் கேட்டேன். வெளாட்டுக்குத்தாம்மா. அவளும் சிரிச்சா. சத்தியமா வெளாட்டுக்குத்தான்.”

உன் அம்மா திட்டுவார் என்று நினைத்தேன், அடிப்பார் என்றுகூட. அல்லது சினிமாவில் வருவது போலக் கட்டிக்கொண்டு அழுவார் என்று நினைத்தேன். இரண்டும் நடக்கவில்லை. பவானியின் மணிக்கட்டைப் பிடித்தார்.

“இத்த அங்க வந்து சொல்லு.”

“அம்மா…”

“இங்க என்கிட்ட சொல்லி இன்னா? அங்க குந்திகினு கீறாங்களே, அவங்ககிட்ட வந்து சொல்லு.”

இழுத்துக்கொண்டே போனார். மாலை போட்ட உன் படத்துக்கு முன்னால் பவானியை நிறுத்தினார். வண்டியில் ஐம்பது பேரை ஒரே வரியில் சிரிக்கவைக்கும் பவானி அன்று இரண்டு தடவை ஆரம்பித்து நின்றாள். மூன்றாம் தடவை சொல்லி முடித்தாள். ஒரு கிழவி கேட்டாள்: “பின்ன ஆஸ்பத்திரில அப்டிக் கேட்டாங்களாமே?” பவானி என்னைப் பார்த்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“எல்லாரையும் கேப்பாங்க” என்றேன். “என்னையும் கேப்பாங்க. உங்க பொண்ணையும் கேப்பாங்க. அவ இல்லன்னு சொன்னா. பரிசோதனை பண்ணிப் பாத்துட்டு அவங்களும் இல்லன்னாங்க. குடல்வாலு வெடிச்சுத்தான் செத்துப்போனா.”

என் வாழ்நாளில் அத்தனை பேர் முன்னால் நான் சேர்ந்தாற்போல் பேசியது அதுதான். எல்லாரும் நம்பினார்கள் என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். சிலர் தலையாட்டினார்கள். ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பக்கத்தவளிடம் ஏதோ சொன்னாள். ஆனால் உன் தங்கை வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அதுவரை குனிந்தே இருந்தவள் தலையை நிமிர்த்தினாள். உன் அம்மா பவானியின் கையை விட்டுவிட்டு, உன் படத்துக்குக் கீழே போய் உட்கார்ந்து, அதற்குப் பிறகுதான் அழுதார். மகளுக்காக மட்டும் அழுகிற அழுகை அது. அதுவரை அழுததில் வேறு ஏதோ கலந்திருந்தது.

திரும்பும்போது பவானி வேனின் கடைசி சீட்டில் சுருண்டுகிடந்தாள். இசக்கி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். டிரைவர் அண்ணன் செய்யாறு தாண்டிய பிறகு ஒரே ஒரு தடவை வாய் திறந்தார்: “நானுந்தான் சிரிச்சேன் பாப்பா, ஸ்டியரிங்கப் புடிச்சிகினு.” அந்த மாதமே பவானி வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டாள். வண்டியில் பிறகு யாரும் கதை படிக்கவில்லை. நானும் ஒரகடத்தில் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டேன்.

நீ போனபோது கதை முடியவில்லை அல்லவா. இன்று வேனில் கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். வார்டன்தான் பேய். அண்ணன் முதல் வாரமே சொன்னது சரி. லாவண்யாவைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை இல்லை. அச்சில் எட்டாம் அத்தியாயத்தை மாற்றியிருக்கிறார்களா என்றும் பார்த்தேன். கதவையும் சமையற்காரியையும் திருத்தியிருக்கிறார்கள். எட்டாம் அத்தியாயம் மட்டும் அப்படியே இருக்கிறது.

கதைகளின் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், என் முகத்தைப் பார்த்துவிடுவாய். கோபம் இருக்கிறது. ஆனால் பேய்களின் மேல் இல்லை.

இங்கே புதிய கம்பெனியில் எனக்கு ஒரு வேலை கூடியிருக்கிறது. யாரும் கொடுத்த வேலை இல்லை. போன வாரம் பயிற்சிக்கு வந்திருக்கும் அபிநயா என்ற பெண் கைகழுவும் இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “ஒண்ணும் இல்லக்கா” என்றாள். எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். மறுபடியும் ஒன்றுமில்லை என்றாள். நான் விடவில்லை. எங்கே என்று விரல் வைத்துக் காட்டும்வரை கேட்டேன். சூப்பர்வைசரிடம் நானே போய்ப் பேசினேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நர்ஸ் அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவளுக்கு முகமே செத்துவிட்டது. எல்லாரையும் கேட்பார்கள் என்று நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். ஸ்கேனில் ஒன்றுமில்லை. வெறும் வாயுத் தொல்லைதான், வேளைக்குச் சாப்பிடு என்று அனுப்பிவிட்டார்கள்.

அவளுக்கு என் மேல் பயங்கரக் கோபம். “சும்மா கெடந்தவள ஊரக் கூட்டி ஆஸ்பத்திரி வரைக்கும் இட்டுகினு போய்ட்டீங்களேக்கா. எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்க. அம்மா வேற போன்ல கத்தறாங்க” என்றாள். நியாயம்தான். அன்றிலிருந்து வேனில் என் பக்கத்தில் உட்காருவதில்லை. என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

இன்று காலையும் அப்படித்தான். நான் ஏறியதும் எழுந்து கடைசி சீட்டுக்குப் போய் உட்கார்ந்தாள். அங்கே யாரோ ஏதோ சொன்னார்கள், வாய்விட்டுச் சிரித்தாள். ஒரகடம் வரைக்கும் எனக்கு முதுகுக்குப் பின்னால் அந்தச் சிரிப்பு கேட்டுக்கொண்டே வந்தது. என்னைப் பற்றியே இருக்கலாம். இருக்கட்டும்.